பையை யார் அடுக்குகிறார்கள்? பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

மூன்றாவது படிக்கும் மகளிடம் "சாக்ஸைக் கழற்று, டிபன் பாக்ஸை எடுத்து வை, கை கழுவு" என்றால் முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிற்கிறாள். வேண்டுமென்றே செய்கிறாளா? – ஆம்பூர்

இல்லை. எட்டு வயதில் செயல்நினைவு (கேட்டதைச் செய்து முடிக்கும்வரை மனதில் பிடித்துவைக்கும் திறன்) அவ்வளவுதான் தாங்கும், நடுவில் டிவி சத்தம் கேட்டாலே மிச்சம் மறந்துபோகும். ஒன்று முடிந்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள். இல்லையென்றால் மூன்றையும் படமாக வரைந்து கதவில் ஒட்டுங்கள். அவளே வரையட்டும்.

பையனுக்குப் படிப்பில் கவனமே இல்லை. ஞாபக சக்திக்கு நல்ல டானிக் சொல்லவும். – வேலூர்

வயது எழுதவில்லை, வகுப்பு எழுதவில்லை, எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்றும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் யாரால் என்ன சொல்ல முடியும்? ஞாபக சக்தியைக் கூட்டும் டானிக் எதுவும் கிடையாது. ரத்தசோகை இருந்தால் கவனம் குறையும், அதை டாக்டர் பரிசோதித்து இரும்புச்சத்து கொடுப்பார், அது வேறு விஷயம். முதலில் தூக்கத்தைப் பாருங்கள். 6 முதல் 12 வயது வரை குறைந்தது 9 மணி நேரம், பதின்வயதில் 8 மணி நேரம் வேண்டும்.

ஆறாவது படிக்கிறான். பள்ளி விட்டு வந்ததும் டியூஷன், எட்டரைக்குத்தான் வீடு. ஆனாலும் நாங்கள் சொல்லாமல் புத்தகத்தைத் தொடுவதில்லை. வேறு டியூஷன் மாற்றலாமா? – சத்துவாச்சாரி

மாற்றி என்ன செய்யப் போகிறீர்கள்? எதை முதலில் படிப்பது, எவ்வளவு நேரம், எங்கே தப்பு என்று எல்லாவற்றையும் டியூஷனில் யாரோ முடிவு செய்கிறார்கள். காலையில் பையை நீங்கள் அடுக்குகிறீர்கள், ஹோம்வொர்க் என்னவென்று வாட்ஸ்அப் குழுவில் கேட்பதும் நீங்கள்தான் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவன் திட்டமிட வேண்டிய இடம் ஒரு நாளில் எங்கேதான் மிச்சம்? இந்த வேலைகளைப் பார்க்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 25 வயது வாக்கில் ஆகும், அதுவரை செய்து செய்துதான் பழக வேண்டும், அடுத்தவர் செய்வதைப் பார்த்து வராது. காட்பாடி, குடியாத்தம், வாலாஜா என்று எங்கிருந்து கடிதம் வந்தாலும் இதே கதைதான், எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நல்ல மூளை உள்ள பிள்ளைகளை "சொன்னால்தான் செய்வான்" என்ற நிலையில் நாமே நிறுத்திவிட்டு, அப்புறம் சோம்பேறி என்கிறோம்.

வாரத்தில் இரண்டு நாளாவது டியூஷனை விடுங்கள். அந்த மாலைகளில் இன்று என்ன வேலை, எது முதலில், எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனே ஒரு நோட்டில் எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், பேனாவை வாங்காதீர்கள். அரை மணி என்று எழுதியது ஒன்றரை மணி நேரம் இழுக்கும், இழுக்கட்டும், அதிலிருந்துதான் நேரக் கணக்கு வரும். தொடங்கவே தயங்கினால் "பால் குடித்த டம்ளரை வைத்ததும் கணக்கு நோட்டைத் திறப்பேன்" என்று ஒரு செயலோடு இன்னொன்றைக் கட்டிவிடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரம் மதிப்பெண் கொஞ்சம் இறங்கலாம். பதறி மறுபடி பையைக் கையில் எடுக்காதீர்கள்.

மகள் மாதம் நாலைந்து பென்சில் தொலைக்கிறாள். – குடியாத்தம்

புதிது உடனே வாங்கித் தராதீர்கள். பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று மூடியில் அவளே எழுதி ஒட்டட்டும், கடைசி மணி அடித்ததும் அதைப் பார்த்துச் சரிபார்க்கட்டும்.

பத்தாவது. எல்லாம் தெரிந்தும் தேர்வில் நேரம் போதவில்லை என்கிறான். – ராணிப்பேட்டை

பொதுத்தேர்வில் வினாத்தாள் படிக்க 10 நிமிடம் தருகிறார்கள், பெரும்பாலான பிள்ளைகள் அதைச் சும்மா புரட்டிக் கழிக்கிறார்கள். எதை முதலில் எழுதுவது, எதைக் கடைசிக்கு விடுவது என்று அதில் முடிவு செய்ய வேண்டும். எழுத 3 மணி நேரம், அறிவியல் தவிர மற்றப் பாடங்களில் 100 மதிப்பெண், அதாவது மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். பழைய வினாத்தாளை வைத்து வீட்டில் கடிகாரத்தோடு பழகட்டும். தேர்வுக்கு முந்தைய இரவு கண் விழிக்க வேண்டாம், தூக்கம் கெட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) இருக்கலாம் என்று டீச்சர் சொல்கிறார். வீட்டில் செல்போனில் மணிக்கணக்காக உட்காருகிறானே! – அணைக்கட்டு

செல்போனில் உட்காருவதை வைத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது, பிடித்த விஷயத்தில் அந்தப் பிள்ளைகளும் மூழ்கிப்போவார்கள். 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா, ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா, பள்ளி, வீடு இரண்டிலும் தெரிகிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். டீச்சர் மேல் கோபப்பட வேண்டாம். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கும் போகலாம். போகும்போது அவனுடைய நோட்டுகளையும், டீச்சர் கவனித்ததை அவர் கைப்பட எழுதிய தாளையும் கொண்டுபோங்கள்.