வாகனம் – வாசகர் கேள்வி பதில்: பழைய 1.3 டீசல் எஞ்சினை நம்பி வாங்கலாமா?

2013ஆம் ஆண்டு மாடல் மாருதி ஸ்விஃப்ட் டீசல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1,20,000 கி.மீ. ஓடியுள்ளது. ‘இதில் டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான், ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை’ என்கிறார் விற்பவர். எங்கள் மெக்கானிக்கோ, ‘இந்த எஞ்சினுக்கு அந்தச் செயின்தான் எமன்’ என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
– வாசகர், திண்டுக்கல்

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இருவருமே சொல்லாமல் விட்டது எஞ்சின் ஆயிலைப் பற்றி.

அந்த ஸ்விஃப்டில் இருப்பது மாருதி தானே வடிவமைத்த எஞ்சின் அல்ல. இத்தாலியின் ஃபியட், அன்று அதன் கூட்டாளியாக இருந்த ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து 2003இல் வெளியிட்ட 1.3 மல்டிஜெட் எஞ்சின் அது. கொள்ளளவு 1248 சி.சி.; நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, இரண்டு கேம்ஷாஃப்ட். சிலிண்டரின் விட்டம் 69.6 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 82 மி.மீ. 2005இல் ‘ஆண்டின் சிறந்த சர்வதேச எஞ்சின்’ விருதுகளில் 1 முதல் 1.4 லிட்டர் வரையிலான பிரிவில் இதுவே வென்றது. இந்தியாவில் மானேசரில் சுசுகியும், புனேக்கு அருகே ரஞ்சன்காவில் ஃபியட்டும் இதைத் தயாரித்தன. மாருதி இதற்கு டி.டி.ஐ.எஸ். என்றும், டாடா குவாட்ராஜெட் என்றும் பெயர் சூட்டின. ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, இண்டிகா விஸ்டா, மான்சா, லீனியா, புன்டோ என எந்த வண்டியின் பானெட்டைத் திறந்தாலும் இதுவே இருந்ததால், இந்தியாவின் ‘தேசிய டீசல் எஞ்சின்’ என்று பாதி கேலியாகவும் பாதி பாராட்டாகவும் இதைச் சொல்வதுண்டு.

இனி செயினுக்கு வருவோம். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டை, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைத்து, உரிய நேரத்தில் சுழலவைப்பது இதுதான். ரப்பர் பெல்ட்டைப் போல இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றியே தீர வேண்டும் என்ற கெடு இந்தச் செயினுக்கு இல்லை என்பது சரியே. ஆனால் செயினை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர் வெறும் ஸ்பிரிங் அல்ல. எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தைக் கொண்டே அது செயினைத் தள்ளிப் பிடிக்கிறது. செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் உயவு கொடுப்பதும் அதே ஆயில்தான். இந்த எஞ்சினின் ஆயில் கொள்ளளவு ஏறத்தாழ மூன்று லிட்டர் மட்டுமே. பெரிய டீசல் எஞ்சினில் ஒரு லிட்டர் குறைந்தால் பெரிதாகத் தெரியாது. இங்கே அது மூன்றில் ஒரு பங்கு. டீசல் எரியும்போது உண்டாகும் கரித்துகள் ஆயிலில் கலந்து, காலம் கடந்தும் அதை மாற்றாவிட்டால் அரம் போல வேலை செய்து செயின் கண்ணிகளின் ஊசிகளைத் தேய்க்கிறது. ஒவ்வொரு கண்ணியிலும் சிறிதளவு தேய்மானம் சேர்ந்தாலே மொத்தச் செயின் நீண்டுவிடும். நீண்ட செயின் ஒரு நாள் பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டினால், வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றையொன்று முட்டும், வால்வுகளை அழுத்தும் ராக்கர் ஆர்ம்கள் ஒடியும், வால்வுகளும் வளையக்கூடும். தங்கள் மெக்கானிக் எமன் என்பது இந்த நிலையைத்தான். அவர் பார்த்த வண்டிகளில் எத்தனை ஒழுங்காக ஆயில் மாற்றப்பட்டவை என்பதையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே வண்டியை விற்பவர் வீட்டுக்கு விடியற்காலையில், எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது செல்லுங்கள். ‘இப்போதுதான் ஒரு சுற்று ஓட்டி வந்தேன்’ என்று சொன்னால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். முதலில் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் செருகி, அளவைப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். டீசல் எஞ்சினில் புது ஆயிலும் விரைவிலேயே கறுத்துவிடும். அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பிறகு பானெட்டைத் திறந்து வைத்து ஒருவர் ஸ்டார்ட் செய்ய, தாங்கள் செயினை மூடியிருக்கும் டைமிங் கவர் பக்கம் நின்று கேளுங்கள். வழக்கமான டீசல் ‘டக் டக்’ ஓசைக்கு மேலாக, தகரப் பெட்டிக்குள் சங்கிலியை உலுக்கியது போன்ற சலசலப்பு முதல் சில நொடிகள் வந்து அடங்கினால், டென்ஷனரும் செயினும் முடிவை நெருங்கிவிட்டன என்று பொருள். அந்த ஓசை அடங்காமல் தொடர்ந்தால் அந்த வண்டி வேண்டாம். ஸ்கேனரில் கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்ட் சென்சார்களின் ஒத்திசைவு பற்றிய பிழை பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

10,000 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் மாற்றியதற்கான பில்கள் வரிசையாக இருந்து, ஓசையும் சுத்தமாக இருந்தால், 1,20,000 கி.மீ. என்பது இந்த எஞ்சினுக்கு நடுவயதுதான். பில்களே இல்லாமல் ஓசை மட்டும் சுத்தமாக இருந்தால், செயின், டென்ஷனர், கைடுகள் எல்லாம் சேர்ந்த செட்டை மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். நான் அப்படித்தான் பேரம் பேசுவேன். சென்னைப் பதிவெண் கொண்ட வண்டியாக இருந்தால் 2015 வெள்ளத்தில் மூழ்கியதா என்பதையும் விசாரியுங்கள். தண்ணீரை உறிஞ்சிய டீசல் எஞ்சினில் கனெக்டிங் ராடு வளைந்திருந்தால், அது வேறு கதை.

இதே எஞ்சின் சில வண்டிகளில் 75 குதிரைத்திறன், சிலவற்றில் 90 குதிரைத்திறன் என்கிறார்களே, எது நீடித்து உழைக்கும்? என் ஸ்விஃப்ட் வால்பாறை மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உயிர் போனது போலாகிவிடுகிறது. எஞ்சினில் கோளாறா?
– வாசகி, பொள்ளாச்சி

கோளாறு இல்லை, புகைபோக்கி வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவின் இயல்பு அது. 75 குதிரைத்திறன் எஞ்சினில் இருப்பது நிலையான வடிவம் கொண்ட டர்போ. அதன் உச்ச முறுக்குவிசையான 190 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 2,000 சுற்றில்தான் கிடைக்கிறது. அதற்குக் கீழே புகைபோக்கி வாயுவுக்கு டர்போ சக்கரத்தை வேகமாகச் சுழற்றும் வலு இல்லாததால், அந்த நேரத்தில் தாங்கள் ஓட்டுவது கிட்டத்தட்ட டர்போ இல்லாத 1.3 லிட்டர் டீசலைத்தான். ஆழியாறிலிருந்து ஏறும் அந்த நாற்பது வளைவுகளில் இரண்டாம் கியரிலேயே திரும்பினால் சுற்று 1,500க்கும் கீழே இறங்கிவிடும். வளைவுக்குள் நுழையும் முன்பே முதல் கியருக்கு இறக்கிக்கொள்ளுங்கள். கிளட்ச்சை அரைகுறையாக மிதித்துச் சமாளிக்காதீர்கள், அதில் கருகுவது கிளட்ச் தட்டுதான்.

90 குதிரைத்திறன் வகையில் டர்போவுக்குள் இருக்கும் சிறு தகடுகள் வாயுவின் வேகத்துக்கேற்பக் கோணத்தை மாற்றிக்கொள்கின்றன. மாருதி எர்டிகாவில் இதனால் 200 நியூட்டன் மீட்டர் 1,750 சுற்றிலேயே கிடைத்தது. கூடுதல் முறுக்குவிசை பத்தே நியூட்டன் மீட்டர் என்றாலும், மலையில் அது முன்னதாகவே வந்து சேர்வதுதான் முக்கியம். நீடித்த உழைப்பு என்று பார்த்தால் எளிமையான 75க்கே என் வாக்கு. நகரும் தகடுகளில் கரி படிந்து அவை இறுகிக்கொள்வது 90 வகையில் மட்டுமே வரக்கூடிய கோளாறு. மெதுவாகவே ஓட்டி, ஒருபோதும் 3,000 சுற்றைத் தொடாதவர்களின் வண்டியில்தான் அது அதிகம் வரும்.

நெடுந்தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தும்போது ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், சிதம்பரம்

ஐந்து நிமிடம் தேவையில்லை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றைத் தாண்டிச் சுழல்வது. அதன் பேரிங்குக்கு ஆயில் வருவது எஞ்சின் ஓடும்வரைதான். நெடுஞ்சாலை வேகத்திலிருந்து நேராக உணவகத்துக்குள் திருப்பி உடனே அணைத்தால், சூட்டில் அங்கே தங்கிய ஆயில் கருகும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை போதும். ஊருக்குள் மெதுவாக வந்து வீட்டில் நிறுத்தும்போது அதுவும் தேவையில்லை.

என் 2012 மாடல் வண்டி ஏற்றத்தில் திடீரென இழுவை இழந்து, கரும்புகை விட்டு, எச்சரிக்கை விளக்கு எரிகிறது. நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் பெரிய தொகை சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், தென்காசி

சோதித்துப் பார்க்காமல் மாற்றாதீர்கள். காமன் ரெயில் முறையில் டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஒரே குழாயில் தேக்கப்பட்டு, ஒரே எரிதலுக்கு ஐந்து முறை வரை சிறு சிறு தவணைகளாக இன்ஜெக்டர் வழியே பீய்ச்சப்படுகிறது. இந்த எஞ்சின் பழைய டீசல்களைப் போல அதிராததற்கும், ஆராய் (ARAI) என்ற இந்திய வாகன ஆராய்ச்சி அமைப்பின் சோதனையில் 2018 ஸ்விஃப்ட் லிட்டருக்கு 28.4 கி.மீ. காட்டியதற்கும் இந்த நுட்பம் ஒரு முக்கியக் காரணம். இன்ஜெக்டர் இவ்வளவு நுட்பமானது என்பதாலேயே எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டுவிடுவது எளிதாகிவிட்டது.

தாங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு மலிவான காரணங்கள் மூன்று உண்டு. டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாயில் விரிசல் இருக்கலாம். குழாயின் அடிப்பக்கம் ஆயில் ஈரத்தோடு தூசு ஒட்டியிருந்தால் அங்கேதான் கசிவு. அடுத்தது, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு கரியடைத்துத் திறந்தபடி நின்றிருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும். மூன்றாவது, அடைபட்ட டீசல் ஃபில்டர். இதில் பெரும்பாலும் இழுவைதான் குறையும், புகை அவ்வளவாக வராது.

இவை சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால், நான்கு இன்ஜெக்டர்களிலும் பீய்ச்சாமல் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் திரும்புக் குழாய்களில் ஆளுக்கொரு சிறு புட்டியை மாட்டி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, எதில் டீசல் அதிகம் சேர்கிறது என்று தங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். ஒரு புட்டி மட்டும் நிரம்பினால் மாற்ற வேண்டியது ஒரே இன்ஜெக்டர். இந்தச் சோதனையைச் செய்ய மறுக்கும் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடாதீர்கள்.

இந்த எஞ்சினின் தயாரிப்பு நின்றுவிட்டதாமே? உதிரிபாகம் கிடைக்குமா?
– வாசகர், ஆரணி

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசு விதி கட்டாயமானபோது, சிறிய டீசலை அதற்கேற்ப மாற்றும் செலவு கட்டுப்படியாகாது என்று மாருதி டீசலையே கைவிட்டது. எஞ்சின் கெட்ட பெயர் எடுத்ததால் அல்ல. இலட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் என்பதால் செயின் செட், ஃபில்டர், சென்சார் போன்றவை தாராளமாகக் கிடைக்கின்றன. ஒரு பெயரில் கிடைக்காத உள்பாகம் இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் கிடைப்பதும் உண்டு. ஆனால் பாக எண்ணை ஒப்பிடாமல் வாங்க வேண்டாம். தாங்கள் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகத்தைத்தான்: பதிவாகிப் பதினைந்து ஆண்டு நிறைந்ததும் தகுதிச் சோதனை முடித்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை. 2011 மாடல் வண்டிக்கு விலை பேசும்போது அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.