நோஷனில் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனி போர்டு வேண்டுமா?

பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில், வேலைகளைப் பதிந்து பார்த்துக்கொள்ளும் நோஷன் செயலியைத் தொடங்கியிருக்கிறீர்கள். ப்ராஜெக்ட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று தனித்தனி போர்டு போடலாமா, அல்லது வியூ போதுமா என்று கேட்கிறீர்கள்.

தனித்தனியாகப் போடாதீர்கள். டேட்டாபேஸ், அதாவது எல்லா வேலையும் இருக்கும் பட்டியல், ஒன்றே ஒன்று இருக்கட்டும். அதன் மேல் எத்தனை வியூ வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வியூ என்பது நகல் இல்லை. அதே பட்டியலை வேறு விதமாக அடுக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒன்றில் தேதியை மாற்றினால் எல்லாவற்றிலும் மாறிவிடும்.

நாகர்கோவிலில் விசைப்படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலைப் பட்டியலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முதல் வருடம் கிழக்குக் கரையில் உள்ள சின்னமுட்டம் துறைமுகத்துக்கு ஒரு போர்டு, மேற்குக் கரையில் உள்ள குளச்சலுக்கு ஒன்று, உதிரிபாகம் வாங்க ஒன்று என்று போட்டேன். ஒரு படகின் கியர் பாக்ஸ் வேலை இரண்டு இடத்தில் பதிவாகியிருந்தது. ஆயில் சீல் வந்துவிட்டதாக உதிரிபாக போர்டில் மாற்றினோம், சின்னமுட்டம் போர்டில் மாற்றவில்லை. மெக்கானிக் அண்ணன் சீலுக்காக நான்கு நாள் காத்திருந்தார்; சீலோ அலமாரியில் இருந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மற்ற படகுகள் கடலுக்குப் போன அன்று அந்தப் படகு மட்டும் கரையில் நின்றது. படகுக்காரருக்கு என்ன பதில் சொல்வது?

இப்போது ஒரே டேட்டாபேஸ்தான். படகு, துறைமுகம், பொறுப்பாளர், ஸ்டேட்டஸ், தேதி என ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து பிராப்பர்ட்டி, அதாவது ஐந்து விவரம். முதலில் இவற்றைச் சரியாக வையுங்கள், ஏனென்றால் ஃபில்டரும் குரூப்பும் இவற்றை நம்பித்தான் நிற்கின்றன. போர்டு வியூவைத் தேர்ந்தெடுத்து ஸ்டேட்டஸை வைத்து குரூப் செய்தால், ஒவ்வொரு ஸ்டேட்டஸுக்கும் ஒரு வரிசையாக வேலைகள் தெரியும். காலையில் எல்லோரும் பார்ப்பது அதைத்தான்.

எனக்கு அதிகம் உதவியது, வேலைகளைத் தேதி வாரியாக நீளக் கோடுகளாகக் காட்டும் டைம்லைன் வியூ. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. துறைமுகம் வாரியாக குரூப் செய்து பார்த்தபோதுதான், ஜூன் முதல் 14 நாளில் சின்னமுட்டம் படகுகளை முடித்து அனுப்பும் வேலையும் குளச்சல் படகுகளைப் பிரிக்கும் வேலையும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுவது கண்ணில் பட்டது. பட்டியலாகப் பார்த்தவரை அது தெரியவே இல்லை. அப்புறம் கிழக்குப் பக்கத்து எஞ்சின் வேலை முழுவதையும் மே மாதத்துக்குள் தள்ளினோம். தேதி பிராப்பர்ட்டியில் முடிவுத் தேதியையும் போடுங்கள்; இல்லையென்றால் டைம்லைனில் வேலையின் நீளம் தெரியாது.

இன்னொன்று. நீங்கள் ஒரு ஃபில்டரை மாற்றினால் அது உங்களுக்கு மட்டும்தான் மாறியிருக்கும். 'சேவ் ஃபார் எவ்ரிஒன்' என்பதை அழுத்தினால்தான் மற்றவர்களுக்கும் மாறும். யோசிக்காமல் அழுத்தினால் மற்றவர் பட்டியலில் பாதி காணாமல் போகும், பதறிப்போவார்கள்.

ஆளுக்கொரு போர்டு வேண்டும் என்று நினைத்தீர்கள் அல்லவா? அதற்கும் ஒரே வியூ போதும். பொறுப்பாளர் ஃபில்டரில் 'மீ' என்று வைத்துவிட்டால், திறப்பவர் யாரோ அவருடைய வேலை மட்டும் தெரியும். மெக்கானிக் அண்ணன் போனில் அந்த ஒரு வியூ மட்டும்தான் திறக்கிறார். சீல் வந்ததும் அதிலேயே பார்த்துவிடுகிறார்.