தொட்டால் கெட்டுவிடுமா?

அன்புள்ள ஐயா,

என் சொந்த ஊர் மன்னார்குடி. இப்போது பர்மிங்காமில் இருக்கிறேன். சென்ற ஆண்டிலிருந்து பழைய கணினிகளைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பிபிசி மைக்ரோ என்ற எண்பதுகளின் பிரிட்டிஷ் கணினி, மாடல் பி கிடைத்தது. ஒரு கீ கூட உடையவில்லை. வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டதும் ஓடியது. ஆனால் சற்று நேரத்தில் பின்பக்கமிருந்து புகையும் சகிக்க முடியாத நாற்றமும் வந்தன. பயந்து அணைத்துவிட்டேன்.

பவர் சப்ளையில் இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றினால் போதும் என்கிறார்கள். மாற்றினால் அது ஒரிஜினல் இல்லை, மதிப்பு குறைந்துவிடும் என்கிறார் என்னைப் போலவே சேகரிக்கும் நண்பர் ஒருவர். மேல்மூடியும் பழுப்பாகியிருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெளுக்க வைக்கலாமா? இப்போதைக்கு ஒன்பது வயது மகள் தொட்டுவிடாதபடி கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். மனைவி இதைக் குப்பை என்கிறார். பழையதைத் தேடி ஓடுவது வெறும் ஏக்கம்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன்.

மூடியை வெளுக்க வைக்காதீர்கள். தீப்பிடிக்காமல் இருக்க அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கில் புரோமின் சேர்மங்களைக் கலந்தார்கள். வெளிச்சம் பட்டுப் பட்டு அது பழுப்பாகிறது என்பார்கள். பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கத்தான் செய்யும், ஆனால் நாளடைவில் மறுபடியும் பழுக்கும். நீங்கள் மறுபடியும் தடவுவீர்கள். நாற்பது வருடம் இருந்த பொருள் நாற்பது வருடம் இருந்த மாதிரி இருப்பதில் என்ன குறை? சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், போதும்.

உங்கள் மனைவி சொல்வது பாதி சரி. ஓடாத வரைக்கும் அது குப்பைதான்.

ஏக்கமா என்றால், ஏக்கம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனின் மூளையான ஆர்ம் வகைச் சில்லு இந்த பிபிசி மைக்ரோவின் மடியில் பிறந்தது. அதன் கட்டளைகளை, பிபிசி மைக்ரோவை உருவாக்கியவர்களில் ஒருவரான சோஃபி வில்சன் இதே கணினியில், பிபிசி பேசிக் என்ற புரோகிராம் மொழியில் எழுதி ஒத்திகை பார்த்தார். முதல் சில்லு 1985 ஏப்ரல் 26 அன்று ஓடியதும் இதனோடு இணைத்துத்தான். இதைத் தெரிந்துகொண்டு ஏங்குங்கள்.

இனி கெப்பாசிட்டர். நம் ஊர் ரேடியோ மெக்கானிக் கண்டன்சர் என்பாரே, அதுதான். மெயின்ஸ் மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்ட வைத்தது. உள்ளே உலோகம் பூசிய காகிதம், வெளியே கண்ணாடி மாதிரி எபாக்ஸி உறை. வருடக்கணக்கில் அந்த உறை மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். விரிசல் வழியாக ஈரம் உள்ளே போகும். பிறகு ஒருநாள் யாராவது சுவிட்சைப் போடுவார்கள், புகை வரும். உங்களுக்கு நடந்தது இதுதான். அது வெடித்த பிறகும் கணினி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்பது வேடிக்கை. வடிகட்டிதானே, இருதயம் இல்லையே. அதற்காக அப்படியே ஓட்டாதீர்கள். மாற்றுங்கள்.

மாற்றினால் ஒரிஜினல் இல்லை என்கிறாரா நண்பர்? அவர் சொல்லட்டும். மன்னார்குடிக்காரர் நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டு இருக்கலாமா? பக்கத்தில் திருவாரூர். அங்கே ஆழித்தேர் 1926இல் எரிந்துபோனது. புதிதாகச் செய்தார்கள், ஓடியது, அப்புறம் பல வருடங்கள் ஓடாமல் நிலையில் நின்றது. 1970இல் மறுபடி ஓடியபோது திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்திருந்தார்கள். வடம் பிடிக்க வந்த யாராவது 'இது ஒரிஜினல் தேர் இல்லை' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்களா? தேர் என்றால் ஓட வேண்டும். அச்சு முறிந்தால் மாற்ற வேண்டும்.

இல்லை, வெள்ளைக்காரன் கதைதான் வேண்டும் என்றால், உங்கள் பர்மிங்காம் கதையையே சொல்கிறேன். ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் 1951இல் ஓடத் தொடங்கிய கணினி ஒன்று. இரண்டரை டன் எடை. டெக்கட்ரான் என்ற வாயுக்குழாய்கள்தான் அதன் நினைவகம். ஒவ்வொரு குழாயிலும் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஒரு செந்நிற ஒளிப்புள்ளி வட்டமாக நகரும். கணினி கூட்டுவதையும் பெருக்குவதையும் கண்ணால் பார்க்கலாம். இரண்டு எண்களைப் பெருக்க ஐந்து முதல் பத்து விநாடி எடுத்துக்கொள்ளும். அவசரமே கிடையாது. 1957இல் வுல்வர்ஹாம்ப்டன் கல்லூரிக்குப் போய் மாணவர்களிடம் பழகியது. 'விட்ச்' என்று அங்கேதான் பெயர் வைத்தார்கள். 1973இல் உங்கள் ஊர் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1997இல் அந்த அருங்காட்சியகத்தை மூடியதும் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். பிளெட்ச்லி பார்க்கில் இருக்கும் தேசியக் கணினி அருங்காட்சியகத்தின் தொண்டர்கள் 2009இல் அதை எடுத்துப்போய் மூன்று வருடம் உட்கார்ந்து வேலை செய்தார்கள். கூடியவரை பழைய பாகங்களையே வைத்துக்கொண்டார்கள். ஆனால் 2012 நவம்பரில் ஓட வைத்தார்கள். கண்ணாடிக்குள் பொம்மையாக வைப்பதற்கு மூன்று வருடம் தேவையில்லை, மூன்று நாள் போதும்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. 'மகள் தொட்டுவிடாதபடி பூட்டியிருக்கிறேன்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த இடத்தில் சுருக்கென்றது.

பள்ளிகளில் கணினிக் கல்வி கொண்டுவர இந்திய அரசு 1984இல் 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதற்காக வந்தது உங்கள் அலமாரியில் இருக்கும் இதே பிபிசி மைக்ரோதான். எங்கள் பள்ளிக்கும் வந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். இருந்த ஒரே நல்ல அறையை அதற்குக் கொடுத்தார்கள். திரைச்சீலை, கார்ப்பெட், ஏசி. தலைமையாசிரியர் அறையிலேயே மின்விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த காலம் அது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கைகட்டி வரிசையாக உள்ளே போவோம். கணினிக்குத் தையல்காரரிடம் சொல்லி ஓரத்தில் பைப்பிங் வைத்து மெரூன் நிற ரெக்சின் உறை தைத்திருந்தார்கள். நாங்கள் பார்த்தது பெரும்பாலும் அந்த உறையைத்தான். சாவி தலைமையாசிரியரின் இடுப்பில் இருக்கும். 'தொட்டால் கெட்டுப்போயிடும்டா' என்பார். கெட்ட மனிதர் இல்லை. இவ்வளவு விலையுள்ள சாமானை அவர் அதுவரை பார்த்ததில்லை.

பயிற்சிக்குப் போய்வந்த இயற்பியல் வாத்தியாரால் பொறுக்க முடியவில்லை. நாள்காட்டி அட்டையின் பின்பக்கத்தில் கீபோர்டை அளவு பிசகாமல் வரைந்தார். மேல் வரிசைப் ஃபங்ஷன் கீகளுக்குச் சிவப்பு ஸ்கெட்ச் பேனா. ஒவ்வொருவராகப் போய் அந்த அட்டையில் புரோகிராம் அடிப்போம். ரிட்டர்ன் கீயைத் தட்டியதும் வாத்தியார்தான் கணினி. 'இப்ப திரையில அம்பது வரும்' என்பார். தப்பாக அடித்திருந்தால் முகத்தைச் சுளித்து 'சின்டாக்ஸ் எரர்' என்பார். பேசிக் மொழியை நாங்கள் அப்படித்தான் கற்றோம். மின்சாரம் போனாலும் வகுப்பு நடக்கும்.

ஒருநாள் மேலதிகாரி பார்வையிட வந்தார். உறையை எடுத்தார்கள், சாம்பிராணி மட்டும்தான் காட்டவில்லை. சுவிட்சைப் போட்டார்கள். பிபிசி மைக்ரோவைப் போட்டதும் தாழ்ந்த குரலில் 'பூ' என்று ஒரு சத்தம், உடனே 'பீ' என்று உயர்ந்து நிற்கும், திரையில் எழுத்து வரும். உங்களுக்கும் தெரியும். அன்றைக்கு 'பூ' மட்டும்தான் வந்தது. நிற்கவேயில்லை. உள்ளே எதுவும் எழுந்திருக்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். தலைமையாசிரியருக்கு அது தெரியாது. 'நல்லா ஓடுதுங்க சார்' என்று அதிகாரியிடம் பெருமையாகச் சிரித்தார்.

அவர்கள் அடுத்த அறைக்குப் போனதும் வாத்தியார் கதவைச் சாத்தினார். 'ஃபிக்ஸ்' என்று எழுதியிருக்கும் திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே சாக்கெட்டில் உட்கார்ந்திருந்த ஐ.சி. சில்லுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தினார். ஒன்று மட்டும் 'நறுக்' என்று உள்ளே இறங்கியது. மறுபடி சுவிட்ச். பூ, பீ. 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே'. நாங்கள் கத்திய கத்தலில் தலைமையாசிரியர் திரும்பி ஓடிவந்துவிட்டார். திறந்த வயிற்றோடு கணினியைப் பார்த்து அவர் சொன்னது இதுதான்: 'அதான் தொடாதேன்னு சொன்னேன்.'

தொட்டதால் சரியானதை, தொட்டதால் கெட்டது என்றே அவர் கடைசிவரை நம்பினார். அறைப் பூட்டு இரண்டானது. சில வருடங்கள் கழித்து அந்தக் கணினிகள் உறையோடு ஏலத்தில் போயின.

எஸ்., உங்கள் அலமாரிச் சாவி அந்தத் தலைமையாசிரியர் இடுப்பில் இருந்த சாவிதான். கோபப்படாதீர்கள், நன்றாக யோசியுங்கள். பூட்டி வைத்தால் பொருள் நிலைக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது? மின்சாரமே படாமல் கிடக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் மெல்ல மெல்ல நலிந்துபோகும். சாக்கெட் பின்களில் களிம்பு ஏறும். ஃபிளாப்பி டிரைவின் கிரீஸ் இறுகிப் பசையாகும். பிபிசி மாஸ்டர் மாதிரிப் பின்னால் வந்த மாடல்களில் பேட்டரி ஒழுகிப் போர்டின் செம்புத் தடங்களை அரித்துவிடும். இதில் எதுவும் உங்கள் மகளின் விரலால் நடப்பதில்லை. எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக நடப்பவை. ஓட்டினால் தேயும் என்பீர்கள். தேயட்டும். தேய்ந்தால் தெரியும், தெரிந்தால் சரிசெய்யலாம்.

இன்னொன்று. இந்தக் கணினியை அந்தக் காலத்தில் அதிகம் பயன்படுத்தியது யார்? பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகள். வகுப்பு வகுப்பாக வந்து, ஜாம் ரொட்டி தின்ற கையோடு அடித்த கீபோர்டு அது. அத்தனை பேரையும் தாங்கி உங்கள் கைக்கு ஒரு கீ உடையாமல் வந்திருக்கிறது. அதை உங்கள் வீட்டு ஒரே ஒரு ஒன்பது வயதுப் பெண் உடைத்துவிடுவாள் என்று பயப்படுகிறீர்கள். சேகரிப்பாளர் ஆகிவிட்டால் இப்படித்தான் புத்தி போகுமா?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நன்றாகக் காத்திருங்கள். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஷாக் அடித்தால் விளையாட்டில்லை. அதில் கைப்பழக்கம் இல்லையென்றால் பழக்கமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மட்டும் மகள் வேண்டாம். கழற்றிய பழையதை ஓர் உறையில் போட்டு, தேதியும் எந்த இடத்துப் பாகம் என்பதும் எழுதி, கணினியோடு வைத்துவிடுங்கள். உங்கள் நண்பரின் 'ஒரிஜினல்' அந்த உறைக்குள் பத்திரமாக இருக்கும். மூடியைத் திறந்தபடியே ஐ.சி.களை மகளை அழுத்தச் சொல்லுங்கள். அப்புறம் மூடிவிட்டு, தன் பெயரைத் திரை முழுக்க ஓடவிட இரண்டு வரி புரோகிராம் அடிக்கக் கற்றுக்கொடுங்கள். அட்டையில் அல்ல, கீபோர்டில்.

மதிப்பு எவ்வளவு குறையும் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. கெப்பாசிட்டர் வாங்கும்போது மட்டும், மெயின்ஸ் மின்சாரத்துக்கு ஏற்றது என்பதற்கான 'எக்ஸ்2' குறி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். காகித வகை வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு காப்பி விலைகூட ஆகாது.