வீட்டுத் தோட்டத்தை ஊருக்குத் திறந்துவிடலாமா? கேள்வி பதில்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டுத் தோட்டத்தை நாலு வருடமாக இரண்டு ஞாயிறு மட்டும் எல்லாருக்கும் திறந்துவிடுகிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

எந்த மாதம் திறக்கலாம், அக்கா? (மஞ்சக்குப்பம்)

பொங்கல் கழிந்து இரண்டு வாரம் விட்டு. ஐப்பசி, கார்த்திகையில் சேறுதான் இருக்கும். மார்கழியையும் நம்பாதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்ததைக் கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை 7 முதல் 9.30 வரை போதும்.

பொட்டானிக்கல் கார்டன் இருக்கிற ஊரில் என் வீட்டுக்கு யார் வருவார்கள்? (முத்தியால்பேட்டை)

அது 1826-ல் தொடங்கிய பூங்கா, அங்கே பார்க்க வேண்டியது பெரிய மரங்கள். பெயின்ட் வாளியில் கத்திரி எப்படிக் காய்க்கிறது என்று பார்க்க உங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

செடியை ஒடித்துக்கொண்டு போய்விடுவார்களே? (திருப்பாதிரிப்புலியூர்)

போவார்கள். முதல் வருடம் என் அடுக்குச் செம்பருத்தியில் மூன்று கொப்பு காணோம். யார் என்றும் தெரியும், பூக்கூடையோடு வந்த ஒரு பெரியம்மா. கேட்க வாய் வரவில்லை. அப்புறம் ஒரு வழி செய்தேன். மழைக்காலத்திலேயே பென்சில் கனத்தில் குச்சிகள் வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி பால் கவர்களில் நட்டு, நிழலில் வைத்துவிடுவேன். தை மாதத்துக்குள் துளிர்த்துவிடும். அவற்றை வாசலில் அடுக்கி, "போகும்போது ஆளுக்கு ஒன்று" என்று உள்ளே வரும்போதே சொல்லிவிடுகிறேன். ஒடிப்பது நின்றுவிட்டது. பூப் பறிப்பது நிற்கவில்லை, அதை விட்டுவிட்டேன்.

நடுவில் இரண்டு தென்னை. பரவாயில்லையா? (அரியாங்குப்பம்)

திறப்பதற்கு முந்தின வாரமே ஆளை ஏற்றி, முற்றின காய், காய்ந்த மட்டை எல்லாம் இறக்கிவிடுங்கள். வருகிறவர்கள் நிழல் தேடி நேராக அதன் அடியில்தான் போய் நிற்பார்கள். கிணறு இருந்தால் கம்பி வலை போடுங்கள். அரளி, அடீனியம் இரண்டிலும் விஷம் உண்டு, குழந்தைகளோடு வருபவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாடித்தோட்டம்? (வில்லியனூர்)

ஒரு தடவைக்கு எட்டுப் பேருக்கு மேல் ஏற்றாதீர்கள். ஈரமண் தொட்டிகளே நல்ல கனம். கைப்பிடிச்சுவர் இடுப்புக்குக் கீழே என்றால் வேண்டாம்.

காசு வாங்கலாமா? (நெல்லிக்குப்பம்)

நான் வாங்குவதில்லை, ஓர் உண்டியல் மட்டும் உண்டு. அதில் விழுவது தெருநாய்களின் சிகிச்சைக்குப் போகிறது. இங்கிலாந்தில் 1927-லிருந்தே இந்த வழக்கம் இருக்கிறது. முதல் வருடம் 609 தோட்டங்கள், ஆளுக்கு ஒரு ஷில்லிங், பணம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்த நர்ஸ்களுக்காக. வாங்கினால், யாருக்குப் போகிறது என்று வாசலில் எழுதி வையுங்கள்.

பக்கத்து வீட்டில் சண்டைக்கு வரமாட்டார்களா? (முதுநகர்)

வண்டி நிறுத்துவதில்தான் வரும். முதல் நாள் சாயங்காலமே அவர்களைக் கூப்பிட்டுத் தோட்டத்தைக் காட்டி, நாலு முருங்கைக்காய் கொடுத்து அனுப்புங்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரர் முதல் வருடம் கத்தினார். இந்தத் தையில் அவரே வாசலில் நின்று வண்டிகளை ஓரங்கட்டச் சொன்னார், கொஞ்சம் அதிகாரமாகவே.