வெறுங்கால்ல நடந்தா சுகர் குறையுமா? எர்த்திங் ஷீட் வாங்கலாமா?

அப்பாவுக்கு 62 வயசு, தினமும் புல்லுல வெறுங்கால்ல நடந்தா சுகர் எறங்கும், நல்லா தூக்கம் வரும்னு வீடியோ வருது, எர்த்திங் ஷீட்னு, வயர் வழியா எர்த்தோட இணைச்சு மேல படுத்துக்கற விரிப்பு ஒண்ணு விக்கறாங்க, வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. அப்பாவுக்கு சுகர் எத்தன வருசமா இருக்குன்னு நீங்க எழுதல. பத்து வருசத்துக்கு மேல இருக்கும்னு நெனச்சுட்டுத்தான் நான் எழுதறேன், ஏன்னா எங்கப்பாவுக்கு அப்படித்தான்.

நான் டாக்டர் இல்லீங்க, அத முன்னாடியே சொல்லிடறேன். கோபிச்செட்டிபாளையம் பக்கம் 19 வருசமா வயரிங் வேல பாக்கறேன். எர்த் போடறதுதான் தொழிலே, அதனால இந்த கேள்வியப் பாத்துட்டு சும்மா தாண்டிப் போக முடியல.

எங்கப்பா விவசாயி. மஞ்சக் காட்டுலயும் வாய்க்கா வரப்புலயும் செருப்பில்லாமயே நடந்து பழகுன கால். அதனால அந்த வீடியோ வந்தப்ப, பாத்தியா நாங்க செஞ்சதத்தான் இப்ப வெள்ளக்காரனும் சொல்றான்னு அவருக்கு ஒரே பெரும. நானும்தான் பெருமப்பட்டேன், இப்ப மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. தினமும் காலைல அஞ்சரைக்கு ஸ்கூல் கிரவுண்டுல முக்கா மணி நேரம் நடப்பாரு. ரெண்டு மாசம் நல்லாத்தான் போச்சு. சுகரும் கொஞ்சம் எறங்குச்சு, நடந்ததுல எறங்குச்சு, செருப்பு போட்டுட்டு நடந்திருந்தாலும் எறங்கித்தான் இருக்கும். ஆனா அவர் மனசுல பேர் வாங்குனது மண்ணு.

ஒரு நாள் அம்மா போன் பண்ணி, வாசல்ல இருந்து பூஜ ரூம் வரைக்கும் தரையில கறை கறையா இருக்குது, என்னன்னு வந்து பாருன்னு சொன்னாங்க. போய்ப் பாத்தா ரெட் ஆக்சைடு தரையில வலது கால் வெக்கற எடமெல்லாம் காஞ்ச ரத்தம். அப்பாவ சேர்ல உக்கார வெச்சு காலத் தூக்கிப் பாத்தேன். பெருவிரலுக்கும் ரெண்டாவது விரலுக்கும் கீழ, சதையில சீமைக்கருவேல முள்ளு ஒடிஞ்சு நிக்குது, சுத்தி வெள்ளையா ஊறிப் போயிருக்குது. எப்ப குத்துச்சுன்னு கேட்டா தெரியலங்கறாரு. என் பைல இருந்த நோஸ் பிளேயர சுடுதண்ணியில கழுவிட்டு, முள்ளப் புடிச்சு இழுத்தேன். ஒரு இஞ்சுக்கு மேல வந்துச்சு. அப்ப எங்கப்பா பேப்பர் படிச்சுட்டு இருந்தாருங்க. நான் எடுத்து முடிச்சதும், என்ன, ஆரம்பிக்கலயான்னு கேட்டாரு. எனக்கு கை நடுங்கிப் போச்சு. (நான் எடுத்ததே தப்பு, நேரா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிருக்கணும், அதையும் சொல்லிடறேன்.)

மொதல்ல காட்டுன ஆஸ்பத்திரியில காயத்து மேல மருந்து போட்டு டிடி ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. காலத் தொட்டுக்கூட பாக்கல. பன்னெண்டு நாள் கழிச்சு விரல் கருத்துப் போச்சு, கோயமுத்தூர் கொண்டு போனோம், ரெண்டாவது விரல எடுத்துட்டாங்க. அங்கதான் ஒரு டாக்டரம்மா நைலான் நரம்பு மாதிரி ஒரு குச்சி வெச்சு டெஸ்ட் பண்ணாங்க. அந்த நரம்பு வளையற அளவுக்கு அமுத்துனா சரியா 10 கிராம் அழுத்தமாம். அப்பா கண்ண மூடிக்கணும், தொடும்போது ஆமான்னு சொல்லணும். ஒவ்வொரு கால்லயும் அஞ்சு எடம் தொட்டாங்க. மொத்தம் பத்துல ரெண்டுக்குத்தான் ஆமான்னாரு. நான் பக்கத்துலயே நின்னு எண்ணிட்டு இருந்தேன். அந்தம்மா சொன்னது, சுகர் ரொம்ப நாள் ஏறி இருந்தா கால் நுனி நரம்புதான் மொதல்ல போகும், வலி தெரியாது, அதோட ரத்த ஓட்டமும் கொறஞ்சுட்டா சின்ன காயம் கூட ஆறாது. சூடும் தெரியாது, அதனால மத்தியான வெயில்ல கோயில் கல்லு மேல பிரகாரம் சுத்திட்டு வந்து கால் முழுக்க கொப்பளத்தோட வர்றவங்க நெறைய பேராம்.

இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு சுகர்னு 2023ல ஐசிஎம்ஆர் (மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சர்வே சொல்லுச்சு. அதுல எத்தன பேருக்கு அந்த நைலான் குச்சி வீடியோ போய்ச் சேந்துச்சு? புல்லுல நடக்கற வீடியோதான் எல்லார் போன்லயும் இருக்குது.

இப்ப சில பேர் வருவீங்க, நம்ம முன்னோர் செருப்பா போட்டாங்க, பழனிக்கு பாதயாத்திர போறவன் எல்லாம் செத்தா போனான்னு. நானே மூணு தடவ வெறுங்கால்ல பழனி போயிருக்கேன். வெறுங்கால் கெட்டதுன்னு நான் சொல்லல. 1992ல நம்ம நாட்டுலயே ராவ், ஜோசப்னு ரெண்டு டாக்டருங்க 2300 கொழந்தைங்க காலடித் தடத்த எடுத்துப் பாத்திருக்காங்க, செருப்பு போடற புள்ளைங்கள்ல 8.6 சதவீதம் பேருக்கு தட்டைப் பாதம், போடாத புள்ளைங்கள்ல 2.8தான். என் பையன மண்ணுல வெறுங்கால்ல வெளையாடத்தான் விடறேன், ஸ்கூல்ல குடுக்கற பூச்சி மாத்திரையும் தவறாம போட வெக்கறேன், கொக்கிப்புழு பாதத் தோல் வழியாத்தான் உள்ள ஏறும். உணர்ச்சி இருக்கற காலுக்கு ஒரு நியாயம், மரத்துப் போன காலுக்கு வேற நியாயம். நான் சொல்றது அவ்வளவுதான்.

அடுத்தது அந்த ஷீட்டு. இத ஆரம்பிச்சது அமெரிக்காவுல கிளின்ட் ஓபர்ங்கற கேபிள் டிவிக்காரர். கேபிளோட ஷீல்ட (உள் கம்பியச் சுத்தி இருக்கற உறைய) எர்த் பண்ணா வெளி நாய்ஸ், அதாவது வேண்டாத சிக்னல், உள்ள வராது, அது எங்க தொழில்ல உண்மை. மனுசன் உடம்ப எர்த் பண்ணாலும் அப்படியே நல்லதுன்னு அவர் எடுத்துக்கிட்டாரு. 2004ல வந்த தூக்க ஆராய்ச்சியத்தான் எல்லாரும் காட்டறாங்க, அது 12 பேர 8 வாரம் வெச்சுப் பண்ணது. 2012ல வந்த பெரிய கட்டுரைய எழுதுனவங்கள்ல ரெண்டு பேர், எர்த்திங் கம்பெனியில எங்களுக்கு பங்கு இருக்குன்னு அந்தக் கட்டுரையிலயே சொல்லியிருக்காங்க. காலைல புல்லுல நடந்தா மனசு லேசாகுது, அது எனக்கும் ஆகுது. ஆனா உடம்பு எர்த் ஆனதாலதான் ஆகுதுன்னு சொன்னா என்னால ஒத்துக்க முடியல. நாங்க லைன்ல கை வெக்கும்போது ரப்பர் செருப்பு போட்டு மர ஸ்டூல் மேல நிக்கறதே உடம்பு எர்த் ஆகக்கூடாதுன்னுதான். ஈரக்கால்ல வெறும் மண்ணுல நின்னுட்டு மோட்டார் ஸ்டார்ட்டரத் தொட்டு செத்த விவசாயிங்க எங்க பக்கம் எத்தன பேருன்னு கேட்டுப் பாருங்க. நானே ஒருத்தர எறக்கிப் படுக்க வெச்சிருக்கேன்.

எங்கக்கா திருப்பூர்ல அபார்ட்மென்ட்ல இருக்கறாங்க. 7500 ரூபாய்க்கு அந்த ஷீட்ட வாங்கி கட்டில்ல விரிச்சு, வயர மூணு ஓட்ட பிளக்குல மேல இருக்கற எர்த் ஓட்டையில சொருகி வெச்சிருந்தாங்க. எனக்கு சந்தேகமா இருந்துச்சு, மீட்டர் வெச்சுப் பாத்தேன். நியூட்ரலுக்கும் (கரண்ட்டு திரும்பிப் போற கம்பி) எர்த்துக்கும் நடுவுல ரெண்டு மூணு வோல்ட்டுதான் இருக்கணும், அங்க 68 காட்டுது. பாத்ரூம் ஹீட்டர ஆஃப் பண்ணா எறங்குது, போட்டா ஏறுது. கீழ போய்ப் பாத்தா, பார்க்கிங்ல டைல்ஸ் போடும்போது எர்த் கம்பிய வெட்டிட்டு அப்படியே மூடியிருக்காங்க. ஹீட்டர்ல லீக் ஆகற கரண்ட்டு போறதுக்கு எடமில்லாம எல்லா பிளக்கோட எர்த்லயும் நிக்குது. அது மேலதான் எங்கக்கா ராத்திரி பூரா படுத்திருந்தாங்க. வயர்ல கரண்ட்டக் கட்டுப்படுத்தற ரெசிஸ்டர் இருக்கான்னு பாத்தேன், அதுவும் இல்ல, தடையே இல்லாம நேரா கனெக்‌ஷன். ஷீட்ட அன்னைக்கே சுருட்டி மேல போட்டுட்டேன்.

கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனாலும் சொல்றேன். ஒரு வீட்டுக்கு ஒழுங்கா எர்த் போடணும்னா எட்டடிக்கு மேல குழி எடுத்து, ஜிஐ பைப் எறக்கி, கரியும் உப்பும் மாத்தி மாத்திக் கொட்டி, வெயில் காலத்துல தண்ணி ஊத்திப் பாத்துக்கணும். 6000 ரூபாய் ஆகும்னா, அதெல்லாம் எதுக்குங்க, யார் பாக்கப் போறான்னு பாதியாக் கொறைக்கறாங்க. அதே வீட்டுல ஹால் சீலிங்குக்கு ரெண்டு லட்சம். வருசத்துக்கு ரெண்டு வீடாவது இந்த ஒரு விசயத்துக்காகவே வேண்டாம்னு விட்டுட்டு வந்திருக்கேன்.

அப்பா இப்ப எம்சிஆர் செருப்பு (சுகர்காரங்களுக்கான மெத்து ரப்பர் செருப்பு) போட்டுத்தான் நடக்கறாரு. மொதல்ல ஆஸ்பத்திரி செருப்புன்னு அடம் புடிச்சாரு, வீட்டுக்குள்ள செருப்பான்னு அம்மாவுக்கும் மனசே ஒப்பல, இப்ப உள்ளுக்கு ஒரு ஜோடி தனியா இருக்குது. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அம்மா மொபைல் டார்ச் அடிச்சு விரல் இடுக்கெல்லாம் பாத்துடுவாங்க.

உங்கப்பாவ மொதல்ல அந்த 10 கிராம் குச்சி டெஸ்டுக்கு கூட்டிட்டுப் போங்க, அஞ்சு நிமிசம்தான் ஆகும். பத்துக்கு பத்தும் தெரியுது, டாக்டரும் சரின்னாங்கன்னா, நல்ல வெளிச்சத்துல சுத்தமான புல்லுல நடக்கட்டும். ஷீட்டு வேண்டாம். ஏற்கனவே வாங்கியாச்சுன்னா, சொருகறதுக்கு முன்னாடி ஒரு எலக்ட்ரீசியனக் கூப்ட்டு எர்த்த செக் பண்ணச் சொல்லுங்க. கோபி பக்கமா இருந்தா கமென்ட்ல சொல்லுங்க, நானே வந்து பாத்துத் தர்றேன், காசு எதும் வேண்டாம்.