பிள்ளைகள் யாரிடம் யோசிக்கக் கற்கிறார்கள்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம். ஆசிரியர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு 26 வருடம் குழந்தை உளவியல் நடத்தியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டிலேயே இருக்கிறேன். குழந்தைகளின் யோசனை பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியதற்கு நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தேவகோட்டையிலிருந்து ஓர் அம்மா: என் மகனுக்கு நாலு வயது. விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கொண்டே இருக்கிறான். "இத இங்க வைக்கணும், இல்லாட்டி விழுந்துரும்" என்று யாரும் இல்லாத இடத்தில் பேசுகிறான். மாமியார் பயப்படுகிறார். டாக்டரிடம் காட்டவா ஆச்சி?

பயப்பட ஒன்றுமே இல்லை. அவன் யோசிக்கிறான், அது உங்கள் காதில் விழுகிறது, அவ்வளவுதான். இந்தப் பேச்சை முதலில் உட்கார்ந்து கவனித்து எழுதியவர் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் பியாஜே. அடுத்தவர் இடத்தில் நின்று பார்க்கத் தெரியாத வயதின் பேச்சு இது, வளர வளர மங்கிப்போகும் என்றார். பியாஜே பிறந்த அதே 1896இல் ரஷ்யப் பேரரசில் பிறந்த இன்னோர் உளவியலாளர் வைகாட்ஸ்கி அதை ஒத்துக்கொள்ளவில்லை. படம் வரையும் பிள்ளைக்குத் தேவையான பென்சில் கிடைக்காமல் செய்து, வேலையைக் கொஞ்சம் சிக்கலாக்கிப் பார்த்தார். அந்த நேரத்தில் தனக்குத்தானே பேசுவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. ஒன்றுக்கும் உதவாத பேச்சாக இருந்தால் கஷ்டம் வரும்போது ஏன் கூட வேண்டும்? அந்தப் பேச்சு மங்கிப்போகவில்லை, உள்ளே போகிறது. பெரியவர்கள் மனசுக்குள் பேசிக்கொள்கிறோமே, அதுவாக மாறுகிறது என்பது அவர் கட்சி. பின்னால் வந்த ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் அவர் பக்கம்தான் நின்றன. அவர் 1934இல் காசநோயில் போய்விட்டார், 37 வயதுதான். அந்த வயதுக்குள் இவ்வளவு பார்த்திருக்கிறாரே என்று எனக்கு இன்னும் ஆறாது.

அந்தச் சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சின்னவள், செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வளவைக் கடந்து வருவாள். கண் தண்ணீரிலேயே இருக்கும். "மெல்ல மெல்ல, சிந்தாம, வாசப்படி வருது, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வருவாள். சொல் மட்டும் இல்லை, இழுப்பும் அப்படியே அவள் அப்பத்தாவுடையது. அப்பத்தா பக்கத்தில் நடந்து சொன்னதை இப்போது அவளே தனக்குச் சொல்லிக்கொள்கிறாள். இன்னும் நாலைந்து வருடத்தில் உதடு மட்டும் அசையும், அப்புறம் அதுவும் நின்றுவிடும். வைகாட்ஸ்கி சொன்னதில் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம் இதுதான்: பிள்ளையின் ஒவ்வொரு யோசிக்கும் திறனும் முதலில் இரண்டு பேருக்கு நடுவில் நடக்கிறது, பிறகுதான் பிள்ளைக்குள் நடக்கிறது. கீழே நான் எழுதப்போகும் பதில்கள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

அதனால் "வாயை மூடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். மற்றவர்களோடு பேசவே மாட்டேன் என்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் அது வேறு விஷயம், அப்போது காட்டுங்கள்.

கோட்டையூரிலிருந்து ஒரு தம்பி: பத்து மாதக் குழந்தைக்கு நாம் பேசுவது புரியவா போகிறது? என் மனைவி நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறாள்.

பேசட்டும் தம்பி, நீங்களும் சேர்ந்து பேசுங்கள். முற்றத்தில் நின்று "அந்தா பாரு நிலா" என்று சோறு ஊட்டுகிறோமே, அதில் என்ன நடக்கிறது தெரியுமா? முதலில் பிள்ளை உங்கள் விரலைத்தான் பார்க்கும். ஒன்பது, பத்து மாதம் ஆகும்போது விரல் காட்டும் திசைக்குக் கண்ணைக் கொண்டுபோகும், பிறகு திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும், நீயும் பார்த்தாயா என்று கேட்பது போல. இரண்டு பேர் மனசும் ஒரே பொருளில் போய் நிற்பது அங்கேதான் தொடங்குகிறது, சொல்லுக்குப் பொருள் ஏறுவதும் அங்கேதான். ஒரு வயதை ஒட்டித் தானே விரல் நீட்ட ஆரம்பிக்கும்.

எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்கர் 1970களில் ஒன்று செய்து பார்த்தார். கொஞ்சிக்கொண்டிருக்கும் தாயைச் சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். சில மாதக் குழந்தைதான், சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, ஒன்றும் பலிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடிப்போகிறது. மடியில் பிள்ளையும் கையில் போனுமாக இருக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தை முகம்தான் நினைவுக்கு வரும். எப்போதாவது எடுப்பதைச் சொல்லவில்லை, பிள்ளை உங்களைக் கூப்பிடும் நேரத்தில் எடுப்பதைத்தான் சொல்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து, சொந்த ஊர் பள்ளத்தூர்: மகளுக்கு இரண்டரை வயது. தமிழ் வரட்டும் என்று தமிழ் வீடியோ நிறையப் போட்டுக் காட்டுகிறோம். ஆனாலும் பேசமாட்டேன் என்கிறாள்.

வீடியோ பதில் சொல்லாது, அதுதான் காரணம். அமெரிக்க ஆய்வாளர் பேட்ரீசியா கூலும் அவரோடு இருந்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் 12 முறை உட்கார்ந்து விளையாடினார்கள், படித்துக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்துக் கேட்க வந்துவிட்டது. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றுமே ஏறவில்லை. அது கைக்குழந்தைகள் கதை, உங்கள் மகள் கொஞ்சம் பெரியவள், ஆனாலும் பதில் பேச ஓர் ஆள் வேண்டும் என்பது மாறவில்லை.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. வீடியோ கால் அப்படி இல்லை. உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளை வைத்தே பார்த்திருக்கிறார்கள், திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் பிள்ளை சொல்வதைக் கேட்டு அதற்குப் பதில் பேசினால் புதுச் சொல் ஏறுகிறது, பதிவு செய்ததைப் போட்டால் ஏறவில்லை. பள்ளத்தூரில் ஆயா, அவள் பாட்டி, இருக்கிறார்கள் அல்லவா? தினம் கால் மணி நேரம் போதும். "சாப்டியா, தூங்குனியா" என்று விசாரித்து வைத்துவிடாமல், ஆயா பணியாரக் கல்லைக் கொண்டுவந்து காட்டட்டும், "குழி எத்தனை, எண்ணு பாப்போம்" என்று கேட்கட்டும். இவள் தன் பொம்மைக்கு ஆயாவிடம் பணியாரம் கேட்டு வாங்கட்டும்.

காரைக்குடி, வேலைக்குப் போகும் அம்மா: பிள்ளையைப் பகலில் என் ஆத்தாதான் பார்த்துக்கொள்கிறார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். பிள்ளையின் அறிவு வளர்ச்சி குறையுமா?

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. உங்களைச் சொல்லவில்லை, உங்களை இப்படி நினைக்க வைத்தவர்களைச் சொல்கிறேன்.

ஒருநாள் உங்கள் ஆத்தாவைப் பிள்ளையோடு பல்லாங்குழி ஆடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். குழி பதினாலு, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஆத்தா கையில் எடுத்ததும் எண்ணமாட்டார், ஆனால் கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும் என்று தெரியும். பிள்ளை அவசரமாக ஒரு குழியை அள்ளப் போகும்போது "அங்க எடுத்தா எங்க போயி முடியும்?" என்பார். பிள்ளை கை அப்படியே நிற்கும். கண் மட்டும் குழி குழியாக நகரும். அந்த நிற்கிற கைதான் யோசனை. முதல் மாதம் கேள்வியை ஆத்தா கேட்பார், அப்புறம் பிள்ளையே கேட்டுக்கொள்ளும். நாலு சேர்ந்தால் பசு என்று எடுக்கிறோமே, எங்கே மூன்று இருக்கிறது என்று முன்கூட்டியே கண் வைக்கவும் அப்படித்தான் பழகும்.

பள்ளிப்படிப்பு வேறு ஒருவிதமான யோசனையைத் தருகிறது என்பதும் உண்மைதான். வைகாட்ஸ்கியோடு இருந்த லூரியா 1931, 32இல் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போய், "வடக்கே பனி பெய்யும் ஊரில் கரடியெல்லாம் வெள்ளை, இன்ன ஊர் வடக்கே இருக்கிறது, அங்கே கரடி என்ன நிறம்?" என்று கேட்டார். படிக்காதவர்கள் பலர், நான் பார்க்காததை எப்படிச் சொல்வேன் என்றார்கள். கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் போனவர்கள் சட்டென்று வெள்ளை என்றார்கள். கேட்ட சொல்லை மட்டும் வைத்து யோசிப்பது பள்ளிக்கூடம் தரும் பழக்கம், அதைப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளட்டும். எதிரே இருப்பதைப் பார்த்து, நிறுத்தி, முன்கூட்டிக் கணக்குப் போடுவதை ஆத்தா தருகிறார். இரண்டும் வேண்டும்.

புதுவயலிலிருந்து ஓர் அப்பா: வீட்டுப்பாடத்தில் எவ்வளவு உதவலாம்? சொல்லிக் கொடுத்தால் கெட்டுப்போவான் என்கிறார்கள், விட்டுவிட்டால் அழுகிறான்.

கொட்டான், அதுதான் ஓலைக் கூடை, பின்னுவதைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பேத்திக்கு அவள் ஆயா பழக்கினார்கள். அடிப்பாகம்தான் கஷ்டம், ஓலை நழுவிக்கொண்டே இருக்கும், அதை ஆயாவே போட்டுவிட்டுப் பக்கச் சுவரை மட்டும் அவளிடம் கொடுத்தார்கள். அவள் ஓர் ஓலையைத் தாண்டிவிட்டால் ஆயா பேசமாட்டார்கள், தாண்டின இடத்தில் ஒரு விரலை மட்டும் வைப்பார்கள். அவளே பார்த்துப் பிரித்துத் திரும்பப் பின்னுவாள். விளிம்பு கட்டும்போது மறுபடி ஆயா கை. மூன்றாவது கொட்டானில் அடியும் அவளே போட்டாள், ஆயா ஓலை நனைப்பதோடு சரி.

இதைத்தான் 1976இல் வுட், புரூனர், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூன்று பேரும் சாரம் கட்டுவது என்று பெயர் வைத்து எழுதினார்கள். சுவர் எழும்பும்வரை சாரம் வேண்டும், எழும்பியதும் அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்காமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள், கட்டவே கட்டாமல் "நீயே செய்" என்கிறவர்களும் இருக்கிறார்கள். நம் ஊரில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டித்தொழிலுக்குப் போன பையன்களும் கடையில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, அடுத்தாளாகி, அப்புறம்தானே மேலாள் ஆனார்கள்.

மார்க் பற்றியும் பல பேர் கேட்டிருந்தீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். தனியாக விட்டால் இரண்டு பிள்ளைகளும் எட்டு வயதுக் கணக்குதான் போடுகிறார்கள். கொஞ்சம் கைகொடுத்தால் ஒருவன் ஒன்பது வயதுக் கணக்கு வரை போகிறான், இன்னொருவன் பன்னிரண்டு வயதுக் கணக்கு வரை போகிறான். இரண்டு பேரும் ஒன்றா? இது வைகாட்ஸ்கியே கேட்ட கேள்வி. தனியாகச் செய்வதற்கும் துணையோடு செய்வதற்கும் நடுவில் இருக்கும் இடத்தைத்தான் அண்மை வளர்ச்சி மண்டலம் என்று பி.எட். புத்தகங்களில் படிக்கிறோம். பரீட்சைத் தாள் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் பார்க்கலாம். விரலை வைத்துவிட்டுக் காத்திருங்கள், விடையைச் சொல்லாதீர்கள்.

ஆத்தங்குடியிலிருந்து: மூன்று வயது மகன் தப்பு செய்துவிட்டு என் எதிரிலேயே மறைக்கிறான். பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டானா?

இன்னும் இல்லை. முறுக்கு டின்னுக்குள் பட்டன்களைப் போட்டு மூடி, உள்ளே என்ன என்று கேளுங்கள். முறுக்கு என்பான். திறந்து காட்டுங்கள். மூடிவிட்டு, "அண்ணன் இன்னும் பாக்கல, அவன் வந்தா உள்ள என்ன இருக்குன்னு சொல்லுவான்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்று வயதுப் பிள்ளை பட்டன் என்று சொல்லும், தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்றுதான் அதற்கு எண்ணம். நாலு தாண்டி ஐந்துக்குள் முறுக்கு என்று சொல்ல ஆரம்பிக்கும். இந்தமாதிரிச் சோதனையை முதலில் செய்தவர்கள் விம்மர், பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள், 1983இல். உங்கள் மனசில் வேறு ஒன்று இருக்கலாம் என்று பிடிபட்ட பிறகுதான் பிள்ளைக்கு ஒழுங்காகப் பொய் சொல்லவே வரும், அடுத்தவர் வருத்தத்தைச் சரியாகப் புரிந்துகொள்வதும் அப்போதுதான்.

கண்டனூரிலிருந்து: எங்களுக்கு ஒரே பெண். பெரிய வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அது அவளைப் பாதிக்குமா?

மேலே சொன்ன டின் சோதனை போன்றவற்றில், உடன்பிறப்பு இருக்கிற பிள்ளைகள் கொஞ்சம் முந்துகிறார்கள் என்று 1994இல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு வருடம் கழித்து கிரீட், சைப்ரஸ் தீவுகளில் இன்னொன்று. அங்கே உடன்பிறப்பு மட்டும் இல்லை, பெரிய பிள்ளைகளும் சொந்தக்காரப் பெரியவர்களும் சுற்றி இருப்பது உதவுகிறது என்று தெரிந்தது. அதனால் ஒரே பிள்ளை என்று கவலைப்படாதீர்கள், பெரிய பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு அவளைக் கொண்டுபோங்கள். மார்கழியில் பிள்ளையார் நோன்புக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள், அன்றைக்கு ராத்திரியே கிளம்பிவிடாமல் இரண்டு நாள் தங்குங்கள். பட்டாலையில் பாய் விரித்து எல்லாரையும் ஒன்றாகப் படுக்க வையுங்கள், விளக்கை அணைத்த பிறகு அவர்கள் பேசிக்கொள்வதில் குறுக்கே போகாதீர்கள்.