அந்தத் திராட்சையை அவள் ஏன் தின்றாள்?

கேள்வி: ‘பேன்ஸ் லேபிரிந்த்’ என்ற ஸ்பானிஷ் படத்தில், பிசாசின் அறைக்குப் போகும்போது மேசையில் இருக்கும் எதையும் சாப்பிடாதே என்று அத்தனை தெளிவாகச் சொல்லி அனுப்பியும் சிறுமி ஒஃபீலியா ஏன் திராட்சையைச் சாப்பிடுகிறாள்? திரைக்கதை ஓட்டைதானே?

ஓட்டை இல்லை. பசி. (இனி கதை முழுக்க வரும். படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

முதல் தடவை பார்த்தபோது எனக்கும் உங்களுக்கு வந்த அதே எரிச்சல்தான். இரண்டாம் தடவை வீட்டில் பார்த்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சப்டைட்டிலை நான் அவ்வப்போது வாய்விட்டுப் படித்துச் சொன்னேன். அந்த மேசைக் காட்சி வந்ததும், “இப்ப பாருங்க, லூசு மாதிரி எடுத்துத் தின்னும்” என்றேன். அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே, “ராத்திரி சாப்பாடு கிடையாதுன்னு அவங்கம்மா சொன்னாங்கல்ல, வேற என்ன பண்ணும் பிள்ளை?” என்றார்.

படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். ஆமாம். அவளுக்குக் கொடுத்த மாயப் பணிகளில் முதலாவதாக, தேரையிடம் சாவி எடுக்கப் போன இடத்தில் புதுச் சட்டை சேறாகிவிடும். அதற்குத் தண்டனையாகத்தான், சாப்பாடு இல்லாமல் போய்ப் படு என்பாள் தாய். நான் அந்த வசனத்தைப் படித்துவிட்டு அப்படியே மறந்துபோயிருக்கிறேன்.

அப்புறம் பார்த்தால் படம் முழுக்கச் சோற்றுப் பிரச்சினைதான். கதை நடப்பது 1944இல். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது, ஆனால் சர்வாதிகாரி ஃபிராங்கோவை எதிர்த்து மலையில் கெரில்லாக்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நாட்டில் ரேஷன் (அது 1952 வரை நீடித்தது). ஒஃபீலியாவின் மாற்றாந்தந்தை, ஃபிராங்கோ படையின் கேப்டன் விடால் ஒரு பழைய மாவு மில்லை முகாமாக்கி, தானியம், மருந்து, புகையிலை எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறான். வெளியே ஊர்க்காரர்கள் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஃபிராங்கோவின் நாட்டில் ரொட்டி இல்லாத வீடே கிடையாது என்று ஒரு சிப்பாய் அவர்களிடமே கத்திக்கொண்டிருக்கிறான். முயல் பிடிக்கப் போன அப்பனும் மகனும் கெரில்லாக்கள் என்ற சந்தேகத்திலேயே செத்துப்போகிறார்கள். கொன்று முடித்த பிறகுதான் பையில் முயல் கிடைக்கிறது.

விடால் கொடுக்கும் விருந்தை இன்னொரு தடவை பாருங்கள். மேசையின் தலைமாட்டில் அவன், பின்னால் கணப்பு நெருப்பு, முன்னால் தட்டுத் தட்டாகச் சாப்பாடு. குடும்பத்துக்கு ஒரே ரேஷன் கார்டு போதும் என்று அங்கேதான் முடிவு சொல்கிறான். மலையில் இருப்பவர்களின் ஆன்மாவைக் கடவுள் காப்பாற்றிவிட்டார், உடம்பைப் பற்றி அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை என்கிறார் விருந்துக்கு வந்த பாதிரியார். இப்போது திராட்சை இருக்கும் அறைக்கு, கையில் கண் வைத்த அந்த வெளிறிய பிசாசின் அறைக்கு வாருங்கள். அதே நீள மேசை, தலைமாட்டில் அது, பின்னால் அதே நெருப்பு. ஓரத்தில் குழந்தைகளின் செருப்புக் குவியல். இயக்குநர் கியெர்மோ டெல் டோரோ ஒரே அறையைத்தான் இரண்டு தடவை காட்டுகிறார். அந்தப் பிசாசாகவும், அவளைப் பணிகளுக்கு அனுப்பும் ஆட்டுக்கால் ஃபானாகவும் நடித்தவர்கூட ஒரே ஆள்தான், டக் ஜோன்ஸ்.

இன்னொன்றும் உண்டு. திராட்சைக்குச் சற்று முன்னால் சுவரில் மூன்று சின்னக் கதவுகள் இருக்கும். கூட வந்த தேவதைகள் ஒன்றைக் காட்டும். ஒஃபீலியா அதை விட்டு வேறொன்றைத் திறப்பாள், அதுதான் சரியான கதவு. பேச்சைக் கேட்காததால் ஒரு நிமிடம் முன்புதான் ஜெயித்திருக்கிறாள்! அந்தத் துணிச்சலும் வயிற்றுப் பசியும் சேர்ந்தால் எந்தக் குழந்தை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்? அதற்கு விலை இரண்டு தேவதைகளின் தலை. ஆனால் அதே பிடிவாதம்தான், தம்பியின் ரத்தம் ஒரு துளி வேண்டும் என்று ஃபான் கேட்கும்போது முடியாது என்று சொல்ல வைக்கிறது. யோசிக்காமல் கீழ்ப்படிவது உங்களைப் போன்றவர்களால்தான் முடியும் என்று, கெரில்லாக்களுக்கு ரகசியமாக உதவிய டாக்டர் ஒருவர் கேப்டன் விடாலிடம் சொல்லிவிட்டுச் சாகிறாரே, அவரும் இவளும் ஒரே ஜாதி. ஒருத்தருக்கு வயது கூட, அவ்வளவுதான்.

அவள் பார்ப்பதெல்லாம் நிஜமா கற்பனையா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. பூட்டிய அறையிலிருந்து அவள் சாக்பீஸால் கதவு வரைந்துதான் தப்பினாள் என்பதே எனக்குப் போதும்.

கடைசியாக, குழந்தைகளோடு பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தேவதைக் கதை என்று நம்பி உட்கார வைத்துவிடாதீர்கள். அந்த முயல்காரன் மகன் முகத்தில் பாட்டில் இறங்கும் காட்சியில் அம்மா கீரைத் தட்டோடு எழுந்து அடுப்படிக்குப் போனவர்தான். தேரை வரும்வரை திரும்பவில்லை.